தாயக்கட்டைக்குப் பதிலாக நான்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் சாப்பாட்டு மேசை மலைநாடாகிவிடும். ஆராதனை முடிந்து வந்து, சாப்பிட்டு, எச்சில் துடைத்த ஈரம் காய்வதற்குள் என் கணவர் பீரோவுக்குப் பின்னால் சுருட்டி வைத்திருக்கும் தோலை எடுத்து வருவார். முழு எருமைத்தோல். பதப்படுத்தி, பழுப்பு நிறமேற்றி, கடைசியில் ஏற்றுமதிக்கு ஆகாது என்று ஒதுக்கப்பட்டது. விலாப்பக்கம் முள்கம்பி கிழித்த வடு நீளமாக ஓடும். அதுதான் பாதை. கழுத்துச் சுருக்கங்கள் வறண்ட ஓடைகள். அடியில் பழைய புத்தகங்களையும் கவிழ்த்த கிண்ணங்களையும் வைத்து மேடேற்றுவார். ஒரு காலத்தில் ஓர் உயிரை மூடியிருந்த பழக்கமோ என்னவோ, எதை அடியில் வைத்தாலும் அந்தத் தோல் அதன்மேல் படிந்து மலையாகிவிடும்.

அதன்மேல் சுண்டுவிரலின் பாதி உயரத்துக்கு மனிதர்கள் இறங்குவார்கள். ஈயத்தில் வார்த்த பொம்மைகள். காக்கிச் சட்டையும் தொப்பியுமாகக் கொஞ்சம் வெள்ளைக்காரர்கள், தலைப்பாகை கட்டிய சிப்பாய்கள் அவர்களைவிட ஜாஸ்தி. பீரங்கியைப் பிரித்துச் சுமக்கும் கோவேறு கழுதைகள். எதிரே, பாறைகளுக்குப் பின்னால், நீளச் சட்டையும் நீளத் துப்பாக்கியுமாக மலைக்காரர்கள். வெள்ளைக்காரன் ஆண்ட காலத்து வடமேற்கு எல்லை, ஆப்கானிஸ்தானை ஒட்டிய மலைகள். படை தன் கழுதைகளோடு கணவாயைக் கடந்து மேசையின் மறுமுனைக்குப் போய்ச்சேர வேண்டும். மலைக்காரர்கள் விடக் கூடாது. ஆட்டம் அவ்வளவுதான். அளவுகோல் வைத்து அளந்து நகர்த்த வேண்டும். ஆறு முகத் தாயக்கட்டைகளை உருட்ட வேண்டும். யார் சுட்டார், யார் விழுந்தார், யார் பயந்து ஓடினார் என்பதை விதிப்புத்தகம் சொல்லும்.

கணவர் ஆம்பூரில் ஒரு ஷூ தொழிற்சாலையில் தோல் வெட்டும் பிரிவின் இன்சார்ஜ். கம்பெனி ஒருமுறை அவரைப் பயிற்சிக்காக இங்கிலாந்துக்கு அனுப்பியது. தங்கிய வீட்டின் கிழவர் கிளம்பும்போது இந்தப் பெட்டியைக் கொடுத்துவிட்டாராம். பெட்டிக்குள் வர்ணம் பூசாத ஈயப் படை, கிழிந்த விதிப்புத்தகம், தாயக்கட்டைகள். இங்கே வந்ததும் இவர் அவற்றுக்கு ஷூ ஓரங்களுக்குப் பூசும் சாயத்தைப் பூசினார். நின்றால் விழாமல் இருக்க அடியில் வட்டத் தோல் துண்டுகளை ஒட்டி, அவற்றின்மேல் பசை தடவிப் பாலாற்று மணலைத் தூவினார். பார்க்க ஷோக்காக இருந்தது. கொஞ்ச நாளில், தோல் பதனிடும் கழிவு ஊறிய அந்த மணலிலிருந்து உப்புப் பூத்துவிட்டது. எல்லா வீரர்களின் காலடியிலும் வெள்ளை வெள்ளையாகப் பொருக்கு. துடைத்தால் போகும், மறுபடி பூக்கும். அமிர்திக் காட்டுக்குப் பிள்ளையோடு சுற்றுலா போனபோது பொறுக்கி வந்த சுள்ளிகள்தான் மரங்கள்.

ஆரம்பத்தில் இந்த ஆட்டத்தில் எனக்கு வேலையில்லை. இவரும் இவருடைய நண்பரும் ஆடுவார்கள். நண்பர் குடியாத்தத்து நெசவுக் குடும்பம். லுங்கித் தறியை விட்டுவிட்டு வந்து, அதே தொழிற்சாலையில் தையல் வரிசைக்கு இன்சார்ஜ் ஆனவர். பேச்சுக்குப் பேச்சு சிரிப்பார். அட்டையைவிடத் தடித்த ஷூ அடித்தோலில் குட்டிக் குட்டியாக அவர் செய்த குடிசைகள்தான் எங்கள் மலைக் கிராமம். குடிசையின் அடிப்பாகத்துக்குக் கறுப்புப் பூசியிருப்பார். படை கிராமத்தைக் கொளுத்தினால் குடிசையைக் கவிழ்த்து வைக்க வேண்டும். கறுப்பு மேலே வந்துவிடும்.

டீ கொண்டுபோன ஒருநாள் கவனித்தேன். இரண்டு பேரும் மேசையின் ஒரே பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். எதிர் நாற்காலி காலி.

"எதிர்ல யாரு?"

"யாருமில்லமா. தாயக்கட்டதான்" என்றார் கணவர்.

நண்பர் விளக்கினார். "நாங்க ரெண்டு பேரும் ஆபீசருங்க, தங்கச்சி. மலைக்காரங்க தானா வருவாங்க. ஒவ்வொரு பாறைக்கும் கட்டைய உருட்டணும். ஆறு வுழுந்தா வருவாங்க. வுழலன்னா உள்ளயே கெடப்பாங்க."

"அவங்களுக்கு ஜெயிக்கணும்னு இருக்காதா?"

இருவரும் சிரித்தார்கள். "அதெல்லாம் புஸ்தகத்துல போடல" என்றார் நண்பர்.

உண்மையிலேயே போடவில்லை. பிறகு நானே படித்துப் பார்த்தேன். படைக்கு ஒழுக்கம் இருந்தது, துணிவு இருந்தது, தலைவன் விழுந்தால் அசைகிற மனம் இருந்தது. எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பக்கம். மலைக்காரர்களை நகர்த்த ஆளில்லாவிட்டால் தாயக்கட்டை அட்டவணையே போதும் என்று எழுதியிருந்தது. தங்கள் மலையில், தங்கள் வீட்டு வாசலில் நிற்கிற மனிதர்கள். அவர்களுக்கு ஓர் எண் போதும். அன்று மாலை முழுக்க அந்த வரி பல்லிடுக்கில் நார்போல உறுத்திக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு தொழிற்சாலை ஆப்பிரிக்காவில் ஒரு மலைநாட்டில் கிளை திறந்தது. அங்கே கூலி கம்மி, ஆர்டர் அங்கேதான் போகிறது என்று பேசிக்கொண்டார்கள். அதை நடத்த நண்பரை அனுப்பினார்கள். வழியனுப்பும்போது தோளில் மாலையோடு நின்றார். சத்துவாச்சாரியில் வாங்கிப்போட்ட மனையில் திரும்பி வந்து வீடு கட்டப்போவதாகச் சொன்னார். எங்கள் மகளும் அந்த வருடம்தான் திருப்பத்தூர்க் கல்லூரி விடுதிக்குப் போனாள். வீடு பெரிதாகிவிட்டது. கணவர் ஞாயிறுகளில் தோலை விரித்து, தனியாகப் படையை நகர்த்தி, தனியாகக் கட்டையை உருட்டினார். அந்தச் சத்தம் எனக்குத் தாங்கவில்லை.

"நான் வேணா உக்காரட்டுமா?"

"நீயா?" ஏற இறங்கப் பார்த்தார். "சரி, உக்காரு. தாயக்கட்டைக்குப் பதிலா."

உட்கார்ந்தேன். எனக்கு அந்தப் பக்கம் புதிதில்லை. பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்க வருவதற்கு முன்னால், அஞ்சல் வழியில் படித்துக்கொண்டே, நானும் தையல் வரிசையில் இருந்தவள்தான். ஷூவின் மேல்தோலை மடித்துத் தைப்பேன். வெளிநாட்டிலிருந்து வரும் டெக்னீஷியன்கள் எங்கள் முதுகுக்குப் பின்னால் நடப்பார்கள். தப்பு இருந்தால் வெள்ளி நிறப் பேனாவால் வட்டம் போடுவார்கள். ஒருவருக்கும் எங்கள் பெயர் தெரியாது. தெரியவேண்டிய அவசியம் அவர்களுக்கு வரவில்லை. குனிந்த தலையோடு பார்த்தால் எவ்வளவு தெரியும் என்பதை அங்கேதான் கற்றேன். யார் எப்போது களைப்பாக வருவார், யாருடைய கண் எந்த மூலைக்குப் போகாது என்பதெல்லாம்.

என் கணவரின் கண் எந்த மூலைக்குப் போகாது என்பது கொஞ்ச வாரங்களில் பிடிபட்டது.

தோல் வெட்டுகிறவருக்கு ஒரு தோலைப் பார்த்ததும் அது பல துண்டாகத் தெரியும். முதுகெலும்பை ஒட்டிய பாகம் இறுக்கமானது, நல்லது. ஷூவின் முகப்பை அங்கேதான் வெட்டுவார்கள். வயிற்றுப் பாகம் தொளதொளவென்று இழுபடும். அதில் உள்ளே மறைகிற சின்னத் துண்டுகளைத் தவிர எதற்கும் கை வைக்க மாட்டார்கள். இவருக்கு வாழ்நாள் முழுக்க அதே பார்வை. மேசையில் விரித்ததும் தோல்தானே? அவருடைய நல்ல படையெல்லாம் முதுகுத்தண்டின் மேட்டை ஒட்டியே போகும். காவலும் அங்கே, பீரங்கியும் அங்கே. வயிற்றுப் பக்கம், மேசை விளிம்பில் அலை அலையாகச் சுருங்கித் தொங்கும் இடத்தில், ஒரு சிப்பாயைக்கூட வைக்க மாட்டார். "அங்க ஒண்ணும் தேறாது" என்று அவர் கைகளுக்கே தெரியும். வீரர்களை அடுக்குவதும் அப்படித்தான். வெட்டும் அச்சுகளைத் தோலில் அடுக்குவதைப்போல, இடையில் இடம் வீணாகாமல், ஒருவனோடு ஒருவனை ஒட்டி.

நான் என் ஆட்களை வயிற்று மடிப்புகளில் ஒளித்தேன்.

கழுதைகள் பாதி தூரம் போனதும் கீழேயிருந்து ஏறினேன். படை இரண்டு துண்டாயிற்று. பீரங்கி எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நின்றது. ஒட்டி ஒட்டி நின்றிருந்த சிப்பாய்கள் விலக இடமில்லாமல் விழுந்தார்கள்.

"எங்க இருந்து வந்த நீ?"

"வயித்துல இருந்து."

குனிந்து பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "அடிப்பாவி. அங்க இன்னா இருக்குதுன்னு போன?"

"நீங்க போகமாட்டீங்கன்னு போனேன்."

அடுத்த ஞாயிறு அதே இடத்திலிருந்து வந்தேன். அதே இடத்தில் வெட்டுப்பட்டார். தெரிந்தே வெட்டுப்பட்டார் என்பதுதான் ஆச்சரியம். ஆட்டம் தொடங்கும்போது வயிற்றுப் பக்கம் நாலு பேரைக் கொண்டுபோய் வைப்பார். பேசிக்கொண்டே இருக்கும்போது அவர் கை அவர்களை எடுத்து முதுகுக்குக் கொண்டுவந்துவிடும். "கை பழகிப்போச்சுமா, கேக்கமாட்டேங்குது" என்று கையையே திட்டுவார். எனக்குச் சிரிப்பாக இருந்தது. அந்த நாட்களில் நாங்கள் நன்றாக இருந்தோம்.

போன மழைக்காலத்தில் நண்பர் திரும்பி வந்துவிட்டார். சொன்ன காலம் முடியவில்லை. பாதியில். அங்கத்துக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று தொழிற்சாலையில் சொன்னார்கள். வேலைக்கும் வரவில்லை, குடியாத்தத்திலேயே இருந்துவிட்டார். ஒரு வாரம்கூட ஆகவில்லை, மேனேஜர் என் கணவரைக் கூப்பிட்டு அந்த இடத்துக்குப் போகிறீர்களா என்று கேட்டார். திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும்.

சமையலறை வாசலில் நின்றுகொண்டு அதைச் சொன்னார். முகத்தில் சின்னப் பிள்ளையின் வெளிச்சம். எத்தனையோ முறை மேலே போகவேண்டியவர். ஒவ்வொரு முறையும் வெளியிலிருந்து யாரோ படித்த இளைஞனைக் கொண்டுவந்து அவர் தலைமேல் உட்காரவைத்தார்கள். இப்போது ஒரு பிரிவு இல்லை, ஒரு முழுத் தொழிற்சாலையே அவர் கையில்.

"வாசல்லருந்து பேக்கிங் வரைக்கும் நான்தான்" என்றார். "மூணு வருசம். இன்னா சொல்ற?"

"நீங்க இன்னா நினைக்கிறீங்க?"

"நான் கேட்டனே, நீ சொல்லு."

"நம்ப தோஸ்த்து ஏன் வந்துட்டாருன்னு மொதல்ல கேளுங்க."

அதற்காகத்தான் அந்த ஞாயிறு நண்பரை வரச்சொன்னார். அவரும் வந்தார், பஸ் பிடித்து, கையை வீசிக்கொண்டு. ஆள் பாதியாகிவிட்டிருந்தார். சட்டை மட்டும் பழைய அளவில். சாப்பாட்டை அளைந்தார். "நல்லாருக்குது தங்கச்சி" என்றார், கறியைத் தொடாமலேயே. தோலை விரித்ததும்தான் முகம் கொஞ்சம் தெளிந்தது. பழைய பழக்கத்தில் கணவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். எதிரில் நான்.

"ஏண்டா தோஸ்த், நீ போனப்பறம் இவ வந்து என்ன நாறடிச்சிட்டா தெரியுமா?"

"தாயக்கட்டைய வுட மோசமா?"

"அதுக்காவது ஆறு வுழணும். இவளுக்கு அதுகூட தேவையில்ல."

நண்பர் சிரித்தார். நல்லவேளை என்று நினைத்தேன். கழுதைகள் நகர்ந்தன. படையை முன்னால் நடத்திய நண்பர் வயிற்றுப் பக்கமும் இரண்டு காவலை வைத்தார். என் ஆட்கள் அகப்பட்டு விழுந்தார்கள். நான்கூட அன்று தோற்றுவிடுவேன் போலிருந்தது. நண்பருடைய சிப்பாய்கள் கிராமத்தின் விளிம்பைத் தொட்டார்கள்.

"கொளுத்து தோஸ்த். புள்ளி நமக்கு" என்றார் கணவர்.

நண்பர் ஒரு குடிசையை எடுத்தார். அவரே செய்தது. கவிழ்த்து வைக்க வேண்டும். வைக்கவில்லை. விரல்களுக்கிடையில் அது நின்றது. ஏதோ விதியை யோசிக்கிறார் என்று நினைத்து நாங்கள் காத்திருந்தோம்.

"தோஸ்த்" என்றார். "அங்க ஒரு பொண்ண அடிச்சிட்டேன்."

கணவருக்குப் புரியவில்லை. "எங்க?"

"லைன்ல. கன்னத்துல."

மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அமிர்திச் சுள்ளி ஒன்று சாய்ந்து விழுந்தது. யாரும் நிமிர்த்தவில்லை.

"இன்னா ஆச்சி?"

"பீசு தப்பா தச்சிட்டா. ரெண்டு தபா பிரிச்சித் தைக்கச் சொன்னேன். சிரிச்சா. என்னப் பாத்து சிரிச்சாளா, பக்கத்துல இருந்தவளப் பாத்து சிரிச்சாளா, இன்னி வரைக்கும் தெரில. கை போய்டிச்சி."

"நீ இங்க யாரையும் தொட்டதுகூட இல்லியேடா."

"இங்க தொட்டா அவ அண்ணன் தம்பி சாயந்தரம் கேட்டாண்ட வந்து நிப்பான். அவங்கம்மா மண்ண வாரித் தூத்துவா. அங்க யாரு கேப்பா? யாரும் கேக்கமாட்டாங்கன்னு எனக்குத் தெரியறதுக்கு முன்னாலயே இந்தக் கைக்குத் தெரிஞ்சிபோச்சி, தோஸ்த். அதான் பேஜாரா இருக்குது." குடிசையை வைத்திருந்த கையை அவரே யாருடையதோபோலப் பார்த்தார்.

நான் கேட்டேன். "அவ இன்னா செஞ்சா, அண்ணா?"

"ஒண்ணும் செய்யல. மெஷின ஆஃப் பண்ணா. பக்கத்துல இருந்தவ ஆஃப் பண்ணா. அப்பறம் அதுக்கு அடுத்தவ. ஒவ்வொண்ணா சத்தம் அடங்கிகினே போச்சி. யாரும் எழுந்துகூட நிக்கல. திட்டல. அப்படியே உக்காந்துகினு என்னப் பாத்தாங்க. நான் நடுவுல நின்னுகினு இருந்தேன். அந்த ஹால் எவ்ளோ பெருசுன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சிது."

மறுநாளும் மெஷின்கள் ஓடவில்லையாம். அதற்கடுத்த நாள் கம்பெனி அவரை விமானம் ஏற்றியது. குளிர் ஒத்துக்கொள்ளவில்லை.

குடிசையைக் கவிழ்க்காமல் அதே இடத்தில், அதே பக்கமாக, பதமாக வைத்தார். எழுந்தார். இருட்டுவதற்குள் பஸ் பிடிக்க வேண்டும் என்றார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "நீ போய்ட்டு வா தோஸ்த். நீ நல்லவன். உனுக்கு ஒண்ணும் ஆகாது" என்றார்.

"நீயும் நல்லவன்தானடா" என்றார் கணவர்.

நண்பர் படியிறங்கி நடந்தார். தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றோம்.

உள்ளே வந்ததும் தோலைச் சுருட்டப் போனேன். "இரு" என்றார் கணவர். சன்னலில் வெயில் இன்னும் இருந்தது. "இன்னொரு ஆட்டம். இன்னைக்கு நான் அந்தப் பக்கம். நீ இங்க வா."

"ஏன்?"

"சும்மா. பாக்கலாம்."

இடம் மாறி உட்கார்ந்தோம். அவர் மலைக்காரர்களைக் கையில் அள்ளினார். நான் செய்வதை இத்தனை மாதம் எதிரிலிருந்து பார்த்தவர். எங்கே ஒளிய வேண்டும், எப்படிச் சிதற வேண்டும் என்று தெரியாதவர் அல்ல. வைத்தார். பாறைக்குப் பின்னால் ஒருவன், ஓடையில் ஒருவன், வயிற்று மடிப்பில் மூன்று பேர். பார்க்கச் சரியாகத்தான் இருந்தது. முதல் நகர்த்தலிலேயே கை தன் வேலையைக் காட்டியது. தனித்தனியாக நின்றவர்களைப் பக்கத்தில் பக்கத்தில் சேர்த்தது. இடைவெளிகளை மூடியது. பாறைக்குப் பின்னால் இருந்தவனை முதுகுத்தண்டின்மேல் கொண்டுவந்து நிறுத்தியது. கொஞ்ச நேரத்தில் மலைக்காரர்கள் அழகான வரிசையாக, என் துப்பாக்கிகளுக்கு நேர் எதிரே, ஷிப்டு மாறும்போது நிற்கிற ஆட்களைப்போல நின்றார்கள்.

நான் சுட்டேன்.

ஒரு பிடி தாயக்கட்டைகள். படைக்கு அத்தனை கொடுக்கிறது புத்தகம். இந்தப் பக்கம் உட்கார்ந்து உருட்டுவது எப்படி இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. உள்ளங்கை நிறைய எலும்புத்துண்டுகள்போல அவை உரசுகின்றன. உருட்டுகிறோம். சிதறுகின்றன. ஆறு, ஆறு, ஐந்து. எதிரே ஆட்கள் சாய்கிறார்கள். நாமே விரலால் தட்டிச் சாய்க்கிறோம். மறுபடி அள்ளுகிறோம். எனக்கு அது பிடித்திருந்தது. சொல்லக் கூசுகிறது, ஆனால் பிடித்திருந்தது. என் ஆட்களாகவே இத்தனை நாள் இருந்தவர்களை ஒவ்வொருவனாகத் தெரியும் எனக்கு, நீளச் சட்டையில் சாயம் வழிந்தவன், துப்பாக்கி வளைந்தவன். அவர்களையே சாய்த்தேன், என் முறை முடிந்ததுகூடத் தெரியாமல் மறுபடி கட்டையை அள்ளினேன்.

"ஏய், என் ஆட்டம்" என்றார்.

கையை இழுத்துக்கொண்டேன்.

அவர் ஆடவில்லை. விழுந்து கிடந்த வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பாத்தியா, எனக்குக் கலைச்சி வெக்கவே வரல" என்றார். சிரிக்கப் பார்த்தார். பிறகு தலை நிமிராமல் கேட்டார்.

"ஏம்மா. அங்க போனா நானும் அடிப்பேன்னு நினைக்கிறியா?"

'இல்லை' என்று சொல்ல வேண்டும். உடனே சொல்ல வேண்டும். அது ஒரு மூச்சுக்குள் வரவேண்டிய சொல், யோசித்து வந்தால் அதற்கு விலை கிடையாது. எத்தனை வருடம் இந்த மனிதரோடு. குரலை உயர்த்தியிருக்கிறார், தட்டைத் தள்ளிவிட்டு எழுந்திருக்கிறார், அதற்குமேல் ஒருநாளும் இல்லை. மகள் மேல் விரல் பட்டதில்லை. வெட்டும் பிரிவில் ஒருவன் பிளேடால் கையைக் கிழித்துக்கொண்டபோது, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போனவர். எல்லாம் தெரியும். வாய் திறக்கவில்லை. நான் அப்போது அவரை நினைத்துக்கொண்டிருக்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளங்கையில் கட்டைகளின் முனை பதிந்த தடம் இன்னும் சிவப்பாக இருந்தது. எனக்கே இவ்வளவு சீக்கிரத்தில் பிடித்துப்போகும் என்றால் யாரைப் பற்றி நான் 'இல்லை' என்று சொல்வது?

இதை அவரிடம் சொல்லியிருக்கலாம். சொற்களைச் சேர்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அவர் எழுந்துவிட்டார்.

"சரி வுடு" என்றார். தாயக்கட்டைகளைப் பெட்டியில் போட்டார். பொம்மைகளைத் தனியாக எடுத்து, ஒவ்வொன்றின் காலிலும் பூத்திருந்த உப்பைத் துணியால் துடைத்து அடுக்கினார். நான் உதவப் போனேன். "நீ போ, நான் பாத்துக்கறேன்" என்றார். கோபமில்லை. கோபமாயிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

காலையில் குளித்து, சட்டையைப் பேண்டுக்குள் விட்டு, தலை சீவி, மேனேஜருக்குப் போன் போட்டார். நேரில் பார்க்கப்போகிறவருக்குப் போன் எதற்கு என்று நினைத்தேன். கூடத்தில் நின்று, எனக்குக் கேட்க வேண்டும் என்றே ஸ்பீக்கரில் வைத்திருந்தார். நான் சமையலறையில் தோசைக்கல்லை அணைத்துவிட்டு நின்றேன்.

"குட்மார்னிங் சார். அந்த விசயம் சார். யோசிச்சேன். வூட்ல வேணாம்றாங்க சார்."

மேனேஜர் சிரிக்கிற சத்தம் வந்தது. "இன்னாய்யா, இந்த வயசுலயும் வீட்டம்மாவுக்குப் பயப்படறியா?"

"ஆமா சார்" என்று இவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். மேலே இருப்பவர் சிரிக்கும்போது கீழே இருப்பவர் சேர்ந்து சிரிக்கிற சிரிப்பு. வெட்டும் பிரிவில் இவரைப் பார்த்தும் சிலர் அப்படிச் சிரிப்பார்கள்.

நான் வேண்டாம் என்று சொல்லவே இல்லை. கூடத்துக்கு வந்து அதைச் சொல்லலாம் என்று இரண்டடி வைத்தேன். அவர் போனைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டிருந்தார்.

அன்று பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் என்னிடம் எதையோ கேட்டார்கள், நான் வேறெதையோ சொன்னேன். அவர் போகவில்லை. அதுதானே நான் விரும்பியது? போக வேண்டாம் என்றுதானே ஒவ்வொரு நாளும் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன்? கிடைத்துவிட்டது. கிடைத்தது என் வேண்டுதலால் இல்லை என்பதும் தெரிந்தது. தன் பெண்டாட்டி தன்னை எப்படி நினைக்கிறாள் என்று ஒரு மனிதர் நினைத்துக்கொண்டதால். அவர் அப்படி நினைத்தது தப்பு என்றாவது நான் சொல்ல முடியுமா? பாதி தப்பு. மீதிப் பாதியை இன்னும் கையில் வைத்துக்கொண்டு திரிகிறேன்.

சாயந்தரம் வழக்கத்துக்கு முன்னதாகவே வந்தார். கையில் அட்டைப்பெட்டி. முகம் வேறு மாதிரி இருந்தது. செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"செக்ஷன்ல விசயம் தெரிஞ்சிபோச்சி. மேனேஜரே சொல்லிட்டாரு போல." மூச்சு வாங்கியது. "மத்தியானம் எல்லாம் காசு போட்டு, ஆற்காடு வழியா வர்ற வண்டிக்காரன்கிட்ட சொல்லி மக்கன் பேடா வாங்கியாந்துட்டாங்க. சாரு எங்கள வுட்டுட்டுப் போமாட்டாருன்னு எங்களுக்குத் தெரியும்னு சொல்றானுங்க. வெட்டற பசங்க. ரெண்டு பேரு அழுதுட்டானுங்க, தெரியுமா?"

"அப்படியா?"

"எங்களுக்காகத்தான் நீங்க போகலன்றானுங்க. நான் ஒண்ணும் சொல்லல. அவங்க என்னப் பத்தி அப்படி நினைக்கிறாங்க, பாரு."

'பாரு' என்ற சொல்லோடு நிறுத்திக்கொண்டார். பெட்டியைத் திறந்து நீட்டியபடி நின்றார். நெய்யும் பாகும் கசிந்து அட்டை கறைபட்டிருந்தது. அவர் என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், நேற்று 'இல்லை' என்று சொல்லாத அந்த வாயை. நான் ஒன்றை எடுத்துப் பிட்டு வாயில் போட்டேன். உள்ளேயிருந்து முந்திரி வந்தது. அவர் காத்திருந்தார். மென்று விழுங்கும்வரை காத்திருந்தார்.

"இனிப்பு ஜாஸ்தி" என்றேன்.

"ஆமா" என்றார். பெட்டியை மூடி மேசைமேல் வைத்துவிட்டுச் செருப்பைக் கழற்றப் போனார்.